பந்தி வஞ்சனை

தமிழர் பழித்து வந்த குற்றங்களுள் பந்தி வஞ்சனை என்பதும் ஒன்று. ஒரே வரிசையில் இலையிட்டு அமர்ந்தவருள் ஒருவர்க்கு நெய்யும் மற்றொருவர்க்கு நீர்மோருமாகப் பரிமாறுவதையே அச்சொல் குறிக்கும். கல்வியறிவில்லாத மூதாட்டியரும் இதனைப் பெரும் பாவம் எனக் கூறக் கேட்டிருக்கிறோம். ஆனால், வஞ்சனை என்பது ஒரே பந்திக்குள் நிகழ்ந்தால் மட்டுந்தான் குற்றமா? இவன் பந்தி வேறு, அவன் பந்தி வேறு என்று ஓர் ஊரே இரண்டாய்ப் பிரிந்து உண்ணுமாயின், அதற்கு என்ன பெயரிடுவது? இவ்வினாவைச் சிங்கப்பூரில் பெருகியிருக்கும் விலையுயர்ந்த ஜப்பானிய உணவுச்சாலைகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுஷி என்பது ஜப்பானியரின் உணவு. அரிசிக்காடியும் உப்பும் சர்க்கரையும் கலந்த சோற்றை விரலளவு உருண்டையாகப் பிடித்து, அதன்மேல் பச்சை மீனின் ஒரு துண்டத்தை வைத்துத் தருவது அதன் பெருவழக்கான வகை. உயர்தரச் சாலைகளில் எட்டுப் பேரோ பத்துப் பேரோ அமரத்தக்க ஒரு மரமேடை மட்டுமே இருக்கும். மேடைக்கு அப்பால் சமையற்கலைஞர் நின்று, ஒவ்வொரு துண்டாக அறுத்து, ஒவ்வோர் உருண்டையாகப் பிடித்து, உண்பவர் முன் வைப்பார். சிங்கப்பூரில் இத்தகைய மேடைகளில் இராவுணவுக்கு ஆளொருவர்க்கு 300 வெள்ளியைத் தாண்டுவது இயல்பு. 500 வெள்ளிக்கு மேற்படும் இடங்களும் உள. உணவுச்சாலைகளுக்கு நட்சத்திரம் வழங்கும் மிஷலின் நூலின் சிங்கப்பூர்ப் பதிப்பு 2016இல் முதன்முதலாக வெளிவந்தபோது, கடலோரத்து ஒன் ஃபுல்லர்ட்டன் கட்டடத்திலுள்ள ஷோகோவா என்னும் சுஷிச்சாலை இரண்டு நட்சத்திரங்களைப் பெற்றது. அதே பதிப்பு, சைனாடவுன் உணவங்காடியொன்றில் இரண்டு மூன்று வெள்ளிக்குக் கோழிச்சோறு விற்ற ஒரு சிறு கடைக்கும் ஒரு நட்சத்திரம் அளித்தது என்பதையும் வாசகர் நினைவிற் கொள்க. நாவின் சிறப்பு வேறு, விலையின் உயரம் வேறு என்பதற்கு இஃதொன்றே சான்று.

அந்தக் கடலோரத்திலிருந்து சிராங்கூன் சாலை மூன்று நான்கு கிலோமீட்டர்த் தொலைவுதான். ஞாயிறு மாலைகளில் தேக்காவைச் சுற்றிலும் நம்மவர் பல்லாயிரவர் கூடுகின்றனர். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து கட்டடங்களிலும் கப்பற்பட்டறைகளிலும் உழைப்பவர் அவர். புல்தரையிலும் நடைபாதை ஓரத்திலும் அமர்ந்து அவர் உண்ணும் அந்த ஒரு வேளைதான் பலர்க்கு வாரத்தில் சூடாகக் கிடைக்கும் நற்சோறு. மற்ற நாட்களில் விடியுமுன் எங்கோ சமைத்துப் பொட்டலங்கட்டிய சோற்றையும் குழம்பையும் வேலைத்தலத்திற்குக் கொண்டுசென்று, நண்பகலில் ஆறியும் சிலபோது புளித்தும் போனபின் உண்பவர் பலர். மேடையில் ஒருவர் ஓரிரவில் செலவிடும் 400 வெள்ளி, இவருட் பலரின் ஒரு வாரக் கூலிக்கு மேற்பட்டது.

இக்காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்க்கு உடனே இரண்டு தீர்ப்புகள் தோன்றும். ஒன்று, "ஏழை ஆறிய சோறு உண்ணும் ஊரில் 400 வெள்ளிக்குச் சாப்பிடுவது பாவம், அச்சாலைகளை இழுத்து மூட வேண்டும்" என்பது. மற்றொன்று, "பணம் என்னுடையது, வயிறும் என்னுடையது, கேட்பதற்கு நீ யார்?" என்பது. இரண்டும் நினைப்பதற்கு எளியன. ஆதலின் இரண்டையும் சற்று நிறுத்தி வைத்துச் சோதிப்போம்.

முதல் தீர்ப்பு கேட்பதற்கு அறம் போலவே இருக்கிறது. ஆனால் எளிமையைப் போதிக்கும் குரல் எத்திசையிலிருந்து வருகிறது, எவர் காதை நோக்கி வருகிறது என்று பார்த்தல் வேண்டும். மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் சீவிய காலத்தில், கூலிக்காரனுக்கு அரிசியும் கருவாடும் போதும், அதற்கு மேற்பட்டால் கெட்டுப்போவான் என்பதே பங்களாவில் இருந்தவர்களின் தத்துவமாயிருந்தது. 1930களின் வாணிப மந்தத்தில் ஆடவர்க்கு 50 காசாயிருந்த நாட்கூலியைக் குறைத்தபோதும் அத்தத்துவமே துணை நின்றது. அதே தோட்டங்களில் வயிற்றுக்கு வேண்டியது சுருங்கியிருக்க, கள்ளுக்கடை மட்டும் திறந்தேயிருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு நில்லாமல், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும், துரையைக் கண்டவுடன் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். காசு மட்டுமன்று, தலை நிமிர்வும் மனிதனுக்கு வேண்டும் என்பதை அவர்கள் எவரும் கற்பிக்காமலே அறிந்திருந்தார்கள்.

ஆகவே, சுவை என்பதைக் குற்றமாக்குவது சீர்திருத்தக்காரர் செய்யத்தக்க வேலையன்று. வறுமையைப் புனிதமாக்குவோர் பெரும்பாலும் வறியவரல்லர். பாலசைக்கத் தெரிந்த காதும், ஓவியத்தைக் காணத் தெரிந்த கண்ணும் மனிதனுக்கு அழகென்றால், மீனின் ஒரு துண்டத்தில் பருவத்தையும் கடலையும் அறியத் தெரிந்த நாவும் அழகே. தோட்டத்து லயத்தில் பிறந்தவர் பேரன் படித்து, உழைத்து, ஒருநாள் தன் தாயை அழைத்துக்கொண்டு அம்மேடையில் அமர்வானாயின், அவனைப் பார்த்து "உனக்கு ஏன் இந்த ஆசை?" என்று கேட்பவன், அவன் பாட்டனைச் சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்ன துரைக்கு உறவினனே.

மேலும், பிறர் மேடையைப் பழிக்குமுன் நம் பந்தலைப் பார்த்துக்கொள்வதும் நன்று. வட்டிக்குக் கடன் வாங்கி ஆயிரம் பேர்க்கு இலை போட்டு, பாதிச் சோற்றைக் குப்பையில் கொட்டி, பின் பத்தாண்டு அக்கடனைக் கட்டும் கலியாணங்கள் நம்மிடையே இன்றும் குறையவில்லை. அங்கே உணவு சுவைக்காகப் பரிமாறப்படுவதில்லை, ஊர்ப்பேச்சுக்காகப் பரிமாறப்படுகிறது. மேடையிலே ஒரு பருக்கையும் வீணாவதில்லை. இவ்வொரு வகையில் சுஷிக்காரரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

நிற்க. இரண்டாவது தீர்ப்பை நோக்குவோம். "என் பணம், என் வயிறு" என்பவர் தம் பணம் வானத்திலிருந்து விழுந்ததெனக் கருதுகிறார் போலும். அவர் அலுவல் பார்க்கும் மாடியைக் கட்டியவன் யார்? அவர் வரும் பாதாள இரயிலின் சுரங்கத்தைத் தோண்டியவன் யார்? வாழ்வின் வசதி ஒவ்வொன்றிலும் பிறர் உழைப்புக் கலந்திருக்க, வயிறு மட்டும் தனித்தீவு ஆதல் எங்ஙனம்? 2020இல் கொள்ளைநோய் பரவியபோது சிங்கப்பூரில் கண்டறியப்பட்ட தொற்றுகளில் மிகப் பெரும்பகுதி தொழிலாளர் தங்கும் விடுதிகளில் நேர்ந்தது. அதுகாறும் அவ்விடுதிகள் எங்கே இருக்கின்றன என்று அறியாத பலர், அன்றுதான் அறிந்தனர். ஓரிடத்தில் மனிதரை நெருக்கி வைத்துவிட்டு மற்றோரிடத்தில் நலமாக வாழ்ந்துவிடலாம் என்னும் கணக்குப் பொய்த்தது. ஆகவே கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கேட்கப்படுபவர்க்கு விடையளிக்கும் கடமையும் உண்டு.

இனி நடுவான வினாவுக்கு வருவோம். விலையால் பிரிந்த பந்தியும் சாதியால் பிரிந்த பந்தியும் ஒன்றா?

சாதிப்பந்தியின் வரலாறு நமக்குப் புதிதன்று. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலம் பொதுப்பணத்தில் நடந்தும், அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டது என்ற செய்தி 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டையே கலக்கியது. தேசம் விடுதலை பெறுவதைப்பற்றிப் பேசுவோர் பிள்ளைகள் சேர்ந்துண்பதற்கு அஞ்சுகிறார்களே என்று ஈ. வெ. ராமசாமியும் வரதராஜுலு நாயுடுவும் கேட்ட கேள்விக்கு அன்று நேர்மையான விடை கிடைக்கவில்லை. ஈ. வெ. ரா. 1925 இறுதியில் காங்கிரசை விட்டு நீங்கினார். 1929 டிசம்பரில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தபோது இங்குள்ள தமிழரிடத்தும் அக்கேள்வியையே கொண்டுவந்தார். தென்னிந்திய இரயில் நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணர்க்குத் தனியிடம் என்னும் வழக்கம் 1941இல்தான் ஒழிந்தது. சமபந்தி போஜனம் என்பது விருந்தன்று, போராட்டம் என்பதை இவ்வாண்டுகளே காட்டும்.

இதனோடு விலைப்பந்தியை ஒப்பிடுங்கால் ஒரு வேற்றுமையை மறைத்தல் ஆகாது. சாதியை உழைத்து மாற்ற முடியாது. விலையை உழைத்து எட்டலாம். சேரன்மாதேவியில் கோடி ரூபாய் கொண்டுவந்தாலும் ஒரு பறைச் சிறுவனுக்கு அந்த இலை கிடையாது. சுஷி மேடையிலோ, பணம் கொடுத்தவன் எக்குலத்தானாயினும் அதே மீன், அதே வரிசை, அதே அளவு. மேடைக்குள்ளே பந்தி வஞ்சனை இல்லை என்றே கூறலாம். அமைச்சருக்கு ஒரு துண்டம், ஆசிரியருக்கு வேறு துண்டம் என்பது அங்கில்லை. இரண்டும் ஒன்றே என்று ஆத்திரத்தில் கூறுவோர், சாதியின் கொடுமையைத் தம்மையறியாமலே சிறிதாக்கிவிடுகின்றனர்.

ஆயினும், எட்டலாம் என்பது எவர்க்கு உண்மை? ஊரில் முகவனுக்குக் கொடுத்த கடனைத் தீர்ப்பதற்கே ஓராண்டு உழைப்பவனுக்கு அது ஏட்டில் மட்டும் உள்ள உண்மை. ஆகவே விலையும் சாதியாக மாறக்கூடும். எப்போது மாறுகிறது? வாய்ப்பு பிறப்பினாலேயே கிடைத்து, பிறப்பினாலேயே மறுக்கப்படும்போது ஒன்று. விலை கொடுத்தவன் தான் உண்பதை உயர்வென்று எண்ணுவதோடு நில்லாமல், பிறன் உண்பதை இழிவென்று எண்ணும்போது இரண்டு. ஒருவரையொருவர் காணாதவாறு வாழ்க்கை பிரிந்து, பக்கத்துப் பந்தியில் என்ன பரிமாறப்படுகிறது என்பதே தெரியாமற்போகும்போது மூன்று. இம்மூன்றும் கூடினால் பூணூல் இல்லாமலே வருணம் நிலைபெற்றுவிடும்.

இவற்றுள் இரண்டாவதாகிய இழிவெண்ணத்தைச் சுஷியின் வரலாறே நகையாடுகிறது. இன்று நட்சத்திரம் பெற்றிருக்கும் இவ்வுணவு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ என்னும் பழந் தோக்கியோவின் தெருவோரத் தள்ளுகடைகளில் விற்கப்பட்டது. அவசரத்தில் செல்லும் நகரத்தார் நின்றபடியே இரண்டு மூன்று உருண்டைகளை வாயில் இட்டுக்கொண்டு போயினர். இன்று மிக உயர்ந்த விலைக்கு விற்கும் சூரை மீனின் கொழுத்த வயிற்றுப்பகுதியை அக்காலத்தார் மதிக்கவேயில்லை. விரைவில் கெடும் என்று எறிந்தனர். அச்சூரையில் 278 கிலோ எடையுள்ள ஒன்றுதான் 2019 ஜனவரியில் தோக்கியோவின் தொயோசு சந்தையில் 33 கோடியே 36 இலட்சம் யென்னுக்கு ஏலம் போயிற்று. மீன் மாறவில்லை, மதிப்பவர் மாறினர்.

நம்மூரிலும் கதை இதுவே. ஐரோப்பியரும் பிறரும் எறிந்த மீன்தலையைக் கறியாக்கி, 1949 அளவில் சிங்கப்பூரில் புகழ்பெறச் செய்தவர் கேரளத்தவரான எம். ஜே. கோமஸ் என்பர். இன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் அந்த மீன்தலைக்கறியை உண்ண உலகெங்குமிருந்து வருகின்றனர். ஏழையின் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் தமிழ்நாட்டு நகரங்களில் இப்பொழுது உடல்நல உணவென்று விலையேறி நிற்கின்றன. உண்பொருளில் உயர்குலம் இழிகுலம் இல்லை என்பதற்கு இனியும் சான்று வேண்டுமோ? ஒருவன் உணவைப் பார்த்து மூக்கைப் பொத்துபவன், தன் பேரன் அதையே விலைகொடுத்துத் தேடுவான் என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

மற்றொன்றையும் கருதுக. சுஷி கையால் பிடிக்கப்படுவது. கையாலேயே எடுத்துண்பதும் அதன் பழைய முறை. கையால் உண்கிறவர் என்று நம்மை ஏளனஞ் செய்தவர் பலர். அவ்வேளனத்திற்கு அஞ்சி, நண்பர் முன்னிலையில் கரண்டியைத் தேடும் நம் இளைஞரும் உளர். அவர்களே அம்மேடையில் அமர்ந்து, ஒரு மனிதனின் வெறுங்கையிலிருந்து வந்த சோற்றைத் தம் வெறுங்கையால் எடுத்து உண்டு பெருமிதம் கொள்கின்றனர். பிறன் கை பட்ட சோறு தீட்டு என்று நூற்றாண்டுகளாக வகுத்து வைத்த நாட்டிலிருந்து வந்தவர் நாம். கை பட்டதற்காகவே விலை கொடுக்கும் இம்மேடை, தீட்டென்பது சோற்றிலில்லை, நெஞ்சிலிருக்கிறது என்பதை மெய்ப்பிக்கிறது.

ஜப்பானியர் இதில் குற்றமற்றவர் என்று மயங்கவும் வேண்டா. அங்கும் தோல்வேலை செய்வோரையும் விலங்கறுப்போரையும் தீண்டாதவராக ஒதுக்கி வைத்திருந்தனர். 1871இல் அரசாணை அவ்விழிவை ஒழித்ததாக அறிவித்தும், வழக்கம் ஒழியவில்லை. 1922இல் கியோத்தோவில் அம்மக்களே கூடி சுய்ஹெய்ஷா என்னும் சமத்துவச் சங்கத்தை நிறுவினர். நம் சுயமரியாதை இயக்கம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கடலுக்கு அப்பால் ஒரு கூட்டத்தார் இரக்கம் வேண்டாம், மரியாதை வேண்டும் என்று எழுந்தனர் என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்கது.

"ஜப்பானியர் உணவையா புகழ்கிறீர்?" என்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேட்கக்கூடும். அவர் கேள்வி மதிக்கத்தக்கது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்து சியோனான் எனப் பெயர் மாறியது. அரிசி அருகி, மக்கள் மரவள்ளிக்கிழங்கால் உயிர் பிழைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பல்லாயிரவராய் மாண்டனர். பலர்க்குக் கல்லறையுமில்லை, பெயர்ப்பட்டியலுமில்லை. இதனை மறந்துவிட்டு உண்பது நன்றன்று. ஆனால், வாளேந்திய கை வேறு, சோறு பிடிக்கும் கை வேறு. ஒரு கூட்டத்தார் செய்த கொடுமையை அவர் பேரன்மார் உண்ணும் உணவின்மேல் ஏற்றுவது, பிறப்பால் பழி சுமத்தும் பழைய நோயே. மாண்டவரை நினைப்போம், அதன்பின் உண்போம்.

நகரத் தமிழர் அடிக்கடி வியந்து கூறும் ஒமாக்காசே என்னும் முறையிலும் ஒரு பாடம் உண்டு. உம்மிடமே விட்டுவிட்டேன் என்பது அதன் பொருள். உண்பவன் எதையும் கேட்பதில்லை. கலைஞர் வைப்பதை உண்கிறான். செல்வன் ஒருவன் இரண்டு மணி நேரம் ஒரு தொழிலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருக்கிறான் என்ற அளவில் இது நல்ல பயிற்சியே. தொழிலறிந்தவன் கைக்கு மரியாதை செய்வது எந்நாட்டுக்கும் பொருந்தும் அறம்.

ஆனால் இதனையே மற்றப் பந்தியில் வைத்துப் பாருங்கள். பொட்டலச்சோறு உண்பவனும் எதையும் கேட்பதில்லை; வைப்பதை உண்கிறான். இருவருக்கும் தேர்வு இல்லை. ஒருவன் தேர்வைத் தானே துறந்தான்; அத்துறவுக்கு விலையும் கொடுத்தான். மற்றவனிடம் தேர்வு என்றுமே இருந்ததில்லை. வேண்டுமென்று நோன்பிருப்பவனும் சோறின்றிக் கிடப்பவனும் ஒருவரல்லர் அன்றோ? வஞ்சனையின் வேர் இங்கேதான் இருக்கிறது. வேற்றுமை மீனிலும் குழம்பிலும் இல்லை. "எனக்கு இது வேண்டும், இது வேண்டா" என்று சொல்லும் உரிமையில் இருக்கிறது. ஆகவே தொழிலாளிக்குச் சுஷி கிடைக்கவில்லையே என்று வருந்துவது பிழையான வருத்தம். அவன் பெரும்பாலும் அதை விரும்பவும் மாட்டான். அவன் விரும்பும் சோறு, சூடாக, உரிய வேளையில், அமர்ந்துண்ண ஓரிடத்தோடு கிடைக்கவில்லையே என்பதுதான் வருந்தத்தக்கது.

பந்தியில் இன்னொருவரும் உண்டு, அவர் கடல். நீலத்துடுப்புச் சூரையைப் பன்னாட்டு வாணிபத்தில் தடைசெய்ய வேண்டும் என்று 2010இல் தோஹாவில் கூடிய மாநாட்டில் அட்லாந்திக் மீனைக் குறித்து ஒரு தீர்மானம் வந்தது. ஜப்பான் முதலிய நாடுகள் எதிர்க்க, அது தோற்றது. பின்னர்ப் பிடிக்கும் அளவைக் கட்டுப்படுத்தியதால் அம்மீன் சிறிது சிறிதாக மீண்டு வந்திருக்கிறது. கட்டுப்பாடு இல்லையேல் நாளைய பிள்ளைகளின் இலையிலிருந்து எடுத்து நாம் உண்கிறோம் என்றே பொருள். பிறவாதவர்க்கும் பந்தியில் இடம் உண்டு.

ஆதலின் நம் முடிவு இது. விலையுயர்ந்த உணவை உண்பது தன்னளவில் குற்றமன்று. உண்டபின் மனிதன் என்னவாக எழுகிறான் என்பதிலேயே குற்றமும் குணமும் உள்ளன. அம்மேடையில் அமர்வோர் தம்மைத்தாமே சில வினாக்கள் கேட்டுக்கொள்ளட்டும். இது கடன்பட்ட பகட்டா, உழைத்துப் பெற்ற சுவையா? மேடைக்குப் பின்னே பாத்திரங் கழுவுபவர்க்கு நேர்மையான ஊதியம் கிடைக்கிறதா? நாளை தேக்காவில் ஒருவன் தரையிலமர்ந்து சோறு பிசைந்துண்பதைக் காணும்போது என் முகம் சுளியுமா? அவன் கேட்கும் நியாயமான கூலிக்கும் நல்ல சோற்றுக்கும் நான் துணை நிற்பேனா, அல்லது வீடு கட்டும் செலவு ஏறிவிடும் என்று முணுமுணுப்பேனா?

கடைசி வினாவே உரைகல். 400 வெள்ளி கொடுத்து உண்டவன், அடுத்த நாள் தொழிலாளியின் உணவுச்செலவுக்கு மாதம் சில வெள்ளி கூட்டுவதை ஊதாரித்தனம் என்பானாயின், அவன் உண்டது சுவையன்று, செருக்கே. அதுபோலவே, ஆண்டுக்கொருமுறை தொழிலாளர் நூறுபேரை அழைத்து விருந்திட்டு, படமெடுத்து வெளியிடுவதாலும் வஞ்சனை தீராது. பிச்சையால் பந்தி சமமாவதில்லை. சமபந்தி கேட்ட நம் முன்னோர் மேல்வரிசையின் இலையைக் கிழிக்கச் சொல்லவில்லை. எல்லா வரிசைக்கும் அதே இலையைப் போடச் சொன்னார்கள்.

சிங்கப்பூர் இவ்வகையில் நம்பிக்கையற்ற ஊருமன்று. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுச்செல்வமெனப் பதிவு செய்த இவ்வூரின் உணவங்காடிகளில், அதிகாரியும் ஓட்டுநரும், சீனரும் மலாயரும் தமிழரும் அருகருகே அமர்ந்துண்கின்றனர். இடம் கிடைத்தவன் உட்காருகிறான், குலம் கேட்பாரில்லை. சேரன்மாதேவியில் கேட்டும் கிடைக்காதது தேக்காச் சந்தையில் நாள்தோறும் நடக்கிறது. அந்த மேசைக்கு இன்னும் வந்து சேராதவன், வேலைத்தலத்தின் ஓரத்தில் பொட்டலத்தை அவிழ்ப்பவனே. சங்கங்கள் அவன் உணவைப்பற்றிப் பேசட்டும், முதலாளிமார் கணக்கெழுதும்போது அதனையும் எழுதட்டும், நகரத் தமிழர் ஞாயிறன்று தேக்கா வழியே போகையில், வேற்று நாட்டார் கூட்டமென்று விலகாது, "அண்ணே, சாப்பிட்டீர்களா?" என்று ஒரு சொல் கேட்கட்டும்.